சுண்ணாம்பை விரட்டிய சுண்ணாம்பு

2023 மார்ச் 16, வியாழக்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம். வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை. கூடத்துச் சுவரில் இருக்கும் வெப்பமானி 26 டிகிரி காட்டியது. அந்த நேரத்தில் என் மகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, நான் அந்த வாரத்துக்காக எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்த மாத்திரைகளின் மேல் ஒரு மேல்கோட்டைப் போட்டாள்.

“இது என்ன நிறம்னு சொல்லுங்கப்பா.”

நர்சிங் மாணவிகள் போடுகிற கோட்டு. வெள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதுகுப்பக்கம் சாம்பல் பூத்திருந்தது. பைகளின் ஓரத்தில் நீலம் திட்டுத்திட்டாக நின்றது. விரலால் தேய்த்தால் துணி பிசுபிசுத்தது. பதினான்கு மாத்திரைகளில் இரண்டு தரையில் உருண்டு போயிருந்தன. முதலில் அவற்றைத் தேடி எடுத்தேன். பிறகுதான் பதில் சொன்னேன்.

“துவச்சதா, துவைக்காததா?”

“மூணு தடவ துவச்சது.”

அவளுடைய சலவைக்கடை ஒத்தக்கடையில், மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது தெருவில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து என் நடைக்கு 61 எட்டு. இரண்டு பெரிய இயந்திரங்கள், மாடியில் 14 கொடிக்கயிறுகள், கோரிப்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஓர் இஸ்திரிக்காரர். அவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கடை வேலையில் மூன்றில் இரண்டு பங்கு பக்கத்திலுள்ள நர்சிங் கல்லூரி ஒன்றிலிருந்து வந்துகொண்டிருந்தது. வரும் திங்கள்கிழமை அங்கே விளக்கேற்று விழா. புதிய மாணவிகள் வெள்ளைக் கோட்டோடு வரிசையில் நின்று கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுக்கும் நாள். 212 கோட்டுகள். திங்கள் காலை ஒன்பது மணிக்குள் வெள்ளையாக வந்து சேரவேண்டும். இரண்டு முறை திருப்பி அனுப்பிய விடுதிக் காப்பாளர் அம்மா முந்தின நாள் மாலை மூன்றாம் முறையும் மூட்டையோடு திருப்பி அனுப்பி, இனியும் இப்படியே வந்தால் வேறு கடை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அந்தக் கல்லூரி போனால் மகள் கடையை மூட வேண்டியதுதான். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். ஏழு முறை.

நான் ஒரு வெற்றியைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுபத்தொரு வயதில் அப்படி எழுத வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை.

கடைக்குப் போனேன். பாய் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

“சொட்டுநீலம் எத்தன மூடி போட்டீங்க பாய்?”

“மொதல்ல மூணு போட்டேன் சார். மங்கலா இருந்துச்சு. அஞ்சு போட்டேன். நேத்து எட்டு.”

“எட்டா?”

“வெள்ளையாக் காட்டணும்ல?”

என் பின்னாலேயே வந்துவிட்ட என் மனைவி ஒரு கோட்டைத் தூக்கிப் பார்த்தாள். “இது நர்ஸம்மா கோட்டா, கிருஷ்ணர் வேசமா? புல்லாங்குழல் மட்டும் பாக்கி.”

பாய் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

குற்றம் பாய் மேல் இல்லை, இயந்திரத்தின் மேலும் இல்லை. ரோடு அகலப்படுத்தத் தோண்டியதில் ஆற்றுத் தண்ணீர் வந்த குழாய் அறுந்து அன்றோடு 23 நாள் ஆகியிருந்தது. அந்த 23 நாளும் கடை ஓடியது 380 அடி ஆழத்து ஆழ்குழாய்த் தண்ணீரில். சோப்பு நுரைக்காத தண்ணீர். நுரைக்கவில்லை என்று இவர்கள் சோப்பை இரட்டிப்பாக்கினார்கள். அதற்கும் நுரைக்கவில்லை என்று சலவைச் சோடாவைத் துணியோடு சேர்த்தே இயந்திரத்தில் கொட்டினார்கள். அழுக்கு நிற்கிறது என்று நீலத்தைக் கூட்டினார்கள். ஒவ்வொன்றும் முந்தினதை மோசமாக்கியது.

நான் ஒரு கல்லூரியின் வேதியியல் துறை ஆய்வகத்தில் 34 ஆண்டுகள் பொருள் காப்பாளனாக இருந்தவன். பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் வகுப்பு. வகுப்பு எடுத்ததில்லை. எண்ணினேன், அளந்தேன், கொடுத்தேன், திரும்பி வாங்கினேன். காரமண் உலோகங்களுக்குத் தனி அலமாரி ஒன்று உண்டு. தனிம அட்டவணையின் இரண்டாவது நெடுவரிசையில் மேலிருந்து கீழாக ஆறு உருப்படிகள்: பெரிலியம், மக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம். ரேடியத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. பெரிலியம் நச்சு என்பதால் பூட்டியே இருந்தது. மற்ற நான்கின் உப்புகளும் என் கையில் புழங்கின. கம்பியில் தொட்டுத் தீயில் காட்டினால் கால்சியம் செங்கல் நிறத்தில் எரியும், ஸ்ட்ரான்சியம் இரத்தச் சிவப்பு, பேரியம் இளம்பச்சை. மக்னீசியம் உப்பாக இருக்கும்போது தீயில் நிறம் காட்டாது. ஆனால் உலோக நாடாவாகக் கொளுத்தினால் கண் கூசும். தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த நாடாச் சுருள் ஒவ்வோர் ஆண்டும் நாற்பது, ஐம்பது சென்டிமீட்டர் குறையும். அளந்து குறித்து வைப்பேன். யார் வெட்டியது என்று எனக்குத் தெரியும். கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள். நான் வேறொன்று கேட்டேன்: பட்டியலிலிருந்து நீக்கிய, நுனி உடைந்த ஒரு ப்யூரெட். கோடு கோடாக அளவு பொறித்த நீண்ட கண்ணாடிக் குழாய் அது. கீழே திருகைத் திறந்தால் திரவம் சொட்டுச் சொட்டாக விழும். அதைத் தாங்கியில் மாட்டி வைத்து வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதிப்பது என் வழக்கம். மனைவிக்கு அது வேறு வேலை இல்லாதவன் செய்கிற பூஜை.

அன்று காலையே கடைத் தண்ணீரில் 20 மில்லி எடுத்தேன். அதில் நிறங்காட்டியைப் போட்டதும் திராட்சை ரசம் போலச் சிவந்தது. ஈடிடிஏ கரைசலைச் சொட்டவிட்டேன். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்து முடக்குவது அதன் வேலை. கடைசி அணுவும் முடங்கியதும் சிவப்பு போய்த் தெளிந்த நீலம் வரும். 12.0 மில்லியில் வந்தது. லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை என்று கணக்கு. இன்னொரு பங்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடியில் படிந்த வெள்ளை மாவை வடிகட்டிவிட்டுச் சோதித்தேன். 3.2 மில்லி. அதாவது 160. பக்கத்துத் தெருவில் நின்ற டேங்கர் லாரித் தண்ணீரையும் விட்டுவைக்கவில்லை. அதுவும் அதே பூமியில் உறிஞ்சியதுதான், 11.2.

“அப்படின்னா?” என்றாள் மகள்.

“தண்ணியில கரைஞ்சிருக்கிற சுண்ணாம்பு உன் சோப்பப் பிடிச்சுப் பால் மாதிரித் திரிய வச்சுத் துணியில ஒட்டுது. நீங்க போட்ட சோடா, மிச்சச் சுண்ணாம்பத் துணி மேலயே மாவா எறக்கியிருக்கு. அறுநூறுல நானூத்தி நாப்பது கொதிக்கவச்சாப் போயிரும்.”

“ரெண்டாயிரம் லிட்டரையா? எந்த அடுப்புல?”

“உப்புத் தண்ணிய நல்ல தண்ணியாக்குற மெசின் வைக்கலாம்ல?” என்றார் பாய்.

“கேட்டுட்டேன் பாய்,” என்றாள் மகள். “வந்து மாட்டப் பதினஞ்சு நாளாகும்ங்கிறான். நமக்கு நாலு நாள்தான் இருக்கு.”

அப்போதுதான் அதைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உடம்பு ஒருமுறை நிமிர்ந்தது.

“சுண்ணாம்பு போடுவோம்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். முதலில் மனைவிதான் பேசினாள்.

“தண்ணியில சுண்ணாம்பு இருக்குங்கிறீக.”

“ஆமா.”

“அதப் போக்கச் சுண்ணாம்பு போடணும்ங்கிறீக.”

“ஆமா.”

“பாய், சார ஒரு நெழல்ல உக்கார வைங்க.”

ஆனால் வேதியியல் அப்படித்தான். தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு தானாகக் கரைந்து நிற்கவில்லை. கூடுதல் கரியமில வாயு ஒன்று அதைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. கொதிக்கவைத்தால் அந்த வாயு பறந்துவிடும், சுண்ணாம்பு விழுந்துவிடும். புதிதாகச் சுண்ணாம்பு போட்டால், அந்தப் புதுச் சுண்ணாம்புக்கு வாயுவின் மேல் பசி. வாயுவைப் பிடுங்கிக்கொள்ளும். தாங்க ஆளில்லாத பழையதும், வயிறு நிறைந்த புதியதும் சேர்ந்து கரையாத மாவாகி அடியில் உட்காரும். ஒரே ஒரு நிபந்தனை: சரியான அளவு. குறைந்தால் வேலை பாதியில் நிற்கும். கூடினால் மிச்சமான புதுச் சுண்ணாம்பே தண்ணீரைக் கெடுக்கும். எண்ணத் தெரியாதவன் தொடக்கூடாத வைத்தியம். உலகத்தில் எனக்காகவே யாரோ கண்டுபிடித்து வைத்த வைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கணக்குப் போட்டேன். கடையின் பின்னால் இருக்கும் சிமென்ட் தரைத்தொட்டி 2000 லிட்டர். நீற்றிய சுண்ணாம்பு 651 கிராம் தேவை. எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு மூட்டைச் சுண்ணாம்புத் தூள் இருந்தது. போன வருடப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாங்கியதில் மிச்சம். இந்தப் பொங்கலுக்கு மகள் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டதால் அப்படியே கிடந்தது. வாய் திறந்த மூட்டை. தராசில் 651 கிராம் நிறுத்து, வாளியில் கரைத்து, சாயந்தரம் ஐந்து மணிக்குத் தொட்டியில் ஊற்றிக் கலக்கினோம். காலையில் தொட்டி தெளிந்திருந்தது. அடியில் வெள்ளைப் படிவு. எனக்கு அவ்வளவு நிச்சயம். பன்னிரண்டு கோட்டுகளை எடுத்துப் போடச் சொன்னேன்.

முப்பத்துநான்கு ஆண்டுகளும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளும் சேர்த்து, ப்யூரெட்டைத் தொடாமல் நான் முடிவு சொன்ன ஒரே நாள் அந்த வெள்ளிக்கிழமை.

பன்னிரண்டும் முன்னைவிடக் கறுத்து வந்தன. பாய் ஒன்றை உதறினார். மாவு பறந்தது. அதைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததை உதறினார்.

அதற்குப் பிறகு சோதித்தேன். 11.6. பன்னிரண்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

“அப்பா,” என்றாள் மகள். குரல் தணிந்திருந்தது. “நான் அந்தம்மாவுக்கு போன் பண்ணி வேற கடையில குடுத்துரச் சொல்லிரவா? அவுகளுக்காவது விழா நல்லபடியா நடக்கட்டும்.”

“ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணி வரைக்கும் குடு.”

“அதுக்கப்புறம் துவைக்க நேரமிருக்குமா?”

“ஞாயிறு பூரா வெயில் இருக்கு. பதினாலு கயிறு இருக்கு. ஒரு கயித்துக்குப் பதினாறு கோட்டுன்னா எரநூத்தி இருபத்துநாலு. பத்தும்.”

“சரி, ஆறு மணி” என்றாள் மகள்.

வீட்டுக்குப் போய் அந்த மூட்டையின் முன்னால் உட்கார்ந்தேன். என்ன தப்பு என்று எனக்கு 61 எட்டு நடப்பதற்குள் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிரூபணம் வேண்டும். சமையலறையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் எடுத்து வந்து, ஒரு சிட்டிகைத் தூளின் மேல் பிழிந்தேன். புஸ்ஸென்று பொங்கியது. நல்ல சுண்ணாம்பு அப்படிப் பொங்காது. பொங்கினால் அதற்குள் கரியமில வாயு ஏற்கனவே குடியேறிவிட்டது என்று அர்த்தம். பதினான்கு மாதம் வாய் திறந்து கிடந்த மூட்டை, காற்றிலிருந்த வாயுவை எல்லாம் தின்று தீர்த்து, கரும்பலகையில் எழுதுகிற சுண்ணக்கட்டியாகிப் போயிருந்தது. அதற்கு எந்தப் பசியும் இல்லை. சுண்ணாம்பு டப்பாவை மூடி வை என்று வெற்றிலை போடுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆய்வக அலமாரியில் மூடி தளர்ந்த பாட்டிலைக் கண்டால் சத்தம் போட்டவன் நான்.

மனைவி வாசலில் நின்று பொங்குவதைப் பார்த்தாள்.

“என்னங்க அது?”

“செத்த சுண்ணாம்பு.”

“அதத்தான் ஒரு வருசமா படிக்குக் கீழ வச்சுருந்தீகளா? தூக்கிப் போடவான்னு எத்தன தடவ கேட்டேன்?”

“ஆறு தடவ.”

“ஏழு,” என்றாள். அவள் சொன்னது சரி.

சனிக்கிழமை காலை மூன்று பஸ் மாறித் திருமங்கலம் பக்கம் ஒரு சுண்ணாம்புச் சூளைக்குப் போனேன். வேகவைத்து அன்றே இறக்கிய சுட்ட கல்தான் வேண்டும் என்றேன். தண்ணீர் தொடாத, காற்றுப்படாத கல். எத்தனை மூட்டை என்று சூளைக்காரர் கேட்டார். ஒன்றரைக் கிலோ என்றேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, “கல்யாணத்துக்கு வெத்தலையா அண்ணே?” என்றார். விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே அவர் கல்லை நிறுத்துக் கையில் கொடுத்துவிட்டார். நான் கொண்டுபோன பிஸ்கட் டப்பாவில் அடைத்து மூடினேன்.

திரும்பும்போது மணி 1.50. திருமங்கலம் தாண்டியதும் வானம் கறுத்தது. காலையில் வெப்பமானியையும் வானத்தையும் பார்த்து மழைக்கு வாய்ப்பில்லை என்று குறித்து வைத்துவிட்டு வந்தவன் நான். கோடை மழை அந்தக் குறிப்பைப் படிக்கவில்லை. நான் உட்கார்ந்த ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. தார்ப்பாய்த் திரை மட்டும், அதுவும் கிழிசல். டப்பாவை மடியில் வைத்துத் துண்டால் போர்த்திக் குனிந்துகொண்டேன். துண்டு நனைந்தது. மூடியின் இடுக்கில் இரண்டு மூன்று சொட்டுப் போயிருக்கவேண்டும். டப்பா மெல்லச் சூடானது. பிறகு மெல்ல அல்ல. ஓர் ஓரத்தில் ஆவி எழுந்தது.

நடத்துநர் பார்த்துவிட்டார். “பெருசு, என்னது அது, டப்பாலருந்து பொகை வருது?”

“சுண்ணாம்புப்பா.”

“வெத்தலைக்கு இம்புட்டா?”

பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றார். பின்சீட்டுப் பெண்கள் குழந்தையோடு நகர்ந்தார்கள். “எறக்கி விடுங்கப்பா” என்று ஒரு குரல். இறக்கிவிட்டால் வெளியே கொட்டுகிற மழையில் ஒன்றரைக் கிலோவும் என் கையிலேயே கொதித்துத் தூளாகும். வாய் திறந்து கெஞ்சத் தெரியாமல், டப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டேன். உள்ளங்கை சுட்டது. எடுக்கவில்லை.

முன்னால் இருந்த ஒருவர் எழுந்து வந்தார். கையில் கரணையும் மட்டப்பலகையும். கொத்தனார்.

“சுட்ட கல்லாண்ணே?”

தலையாட்டினேன்.

“மழையில இதத் தூக்கிட்டு பஸ் ஏறுன மொத ஆளு நீங்கதான்.” சாமான் சுற்றியிருந்த சிமென்ட் சாக்கை உருவினார். உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய சாக்கு. டப்பாவை என் கையிலிருந்து துண்டோடு பிடுங்கி, சாக்கில் சுருட்டி, வாயை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். நடத்துநரிடம், “ஒண்ணுமில்ல மாப்ள, தண்ணி படாட்டி சாதுவாக் கெடக்கும். நீ டிக்கெட்டப் பாரு” என்றார். பெரியார் நிலையம் வரும்வரை அவரே மடியில் வைத்திருந்தார். சாக்குக்கு என்ன தரவேண்டும் என்று கேட்டதற்கு, “கையக் காட்டுங்க” என்றார். காட்டினேன். இரண்டு கொப்புளம். “மொதல்ல அதுக்கு மருந்து வாங்குங்க.”

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். மேலாக இருந்த நாலைந்து துண்டுகள் மட்டும் தூளாகியிருந்தன. அடியில் இருந்தவை கல்லாகவே கிடந்தன. ஒரு துண்டின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். சூடேறிச் சீறி வெடித்தது, ஆனால் நுரைத்துப் பொங்கவில்லை. ஒரு கிராமை அமிலத்தோடு சோதித்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு சுத்தம். தண்ணீர் சேராத கல் என்பதால் 651க்குப் பதில் 493 கிராம் போதும், பத்துப் பங்கைச் சரிக்கட்டி 548 கிராம் கல் நிறுத்தேன். இரண்டு தடவை நிறுத்தேன். மூன்றாவது தடவை மனைவியை நிறுக்கச் சொன்னேன். அவளுக்கும் 548 வந்தது.

தொட்டியிலிருந்த பழைய தண்ணீரை வெளியேற்றிக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். இரும்பு வாளியில் தண்ணீர் வைத்துக் கல்லைச் சிறிது சிறிதாகப் போட்டேன். கொதித்துக் குமுறி வெண்பாலானது. என் வேட்டியெல்லாம் தெறித்தது. மணி ஐந்துக்குத் தொட்டியில் ஊற்றினோம். பாய் மூங்கில் கழியால் கலக்கினார். முந்நூறு சுற்று என்று சொல்லியிருந்தேன்.

பாதியில் நின்றார். “எண்ணிக்கை விட்டுப்போச்சு சார்.”

“எனக்கு விடல. எரநூத்திப் பதினேழு.”

“இன்னும் எம்பத்தி மூணா?”

“கணக்கு வருதே பாய்.”

“உங்களோட நின்னா யாருக்கும் வரும் சார்,” என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் சுற்றினார்.

ஞாயிறு காலை ஐந்து ஐம்பதுக்கு நான்கு பேரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். அடிவரை தெரிந்தது. அடியில் விரற்கடை உயரத்துக்கு வெள்ளை. மேலிருந்து 20 மில்லி எடுத்தேன். ப்யூரெட்டைத் தாங்கியோடு கடைக்கே தூக்கி வந்து துணி மடிக்கிற மேசையில் நிறுத்தியிருந்தேன். சிவப்பு வந்தது. திருகைத் திறந்தேன். ஒரு மில்லி. இரண்டு. மூன்று. மூன்றே முக்காலில் சிவப்பு கலங்கி ஊதாவானது. ஒவ்வொரு சொட்டுக்கும் குடுவையைச் சுழற்றினேன். கொப்புளம் வலித்தது. ஒரு சொட்டு. இன்னொன்று. நீலம்.

“எம்புட்டு?” என்றாள் மனைவி.

“நாலு.”

“பன்னெண்டுலருந்தா?”

“பன்னெண்டுலருந்து நாலு. அறுநூறு இருந்தது எரநூறு.”

இத்தனை ஆண்டுகளாக நான் வாரந்தோறும் சொன்ன எண்களில் ஒன்றைக்கூட அவள் காதில் வாங்கவில்லை என்று நினைத்திருந்தேன். அவள் வீட்டுக்குப் போய் காபி கொண்டுவந்தாள். அதில் இரண்டு கரண்டிச் சர்க்கரை. எனக்கு அனுமதி அரைக் கரண்டி.

அடித்தண்ணீர் கலங்காமல் குழாயை ஓர் அடி உயரத்தில் கட்டி மேல்தண்ணீரை மட்டும் எடுத்தோம். முதலில் எலுமிச்சை உப்புக் கரைத்த தண்ணீரில் கோட்டுகளை ஊறவைக்கச் சொன்னேன், ஒட்டியிருக்கும் திரிந்த சோப்பும் மாவும் விடவேண்டுமே. அலசிவிட்டு இயந்திரத்தில் போட்டார்கள். பாய் பழக்கத்தில் அதே இரட்டிப்புச் சோப்பைப் போட்டுவிட்டார். ஏழு நிமிடத்தில் இயந்திரத்தின் மூடி இடுக்கில் நுரை எட்டிப் பார்த்தது. பிறகு வழிந்தது. தரையெல்லாம் பரவி, வாசற்படி தாண்டித் தெருவுக்குப் போனது. 26 நாளாக ஒரு கொட்டாங்கச்சி நுரையைப் பார்க்காத கடை. மகள் வாசலில் கணுக்கால் அளவு நுரையில் நின்றுகொண்டு சிரித்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம். இரண்டையும் பிரித்து எண்ண எனக்குத் தெரியவில்லை.

“சோப்ப மூணுல ஒண்ணாக் கொறைங்க பாய்.”

“நீலம்?”

“நீலப் பாட்டில என்கிட்ட குடுத்துருங்க.”

பதினான்கு கயிறுகளில் 212 கோட்டுகள். கடைசிக் கயிற்றில் நான்குதான். பன்னிரண்டு மணி வெயிலில் மாடியில் கண்ணைத் திறந்து நிற்க முடியவில்லை. நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன்.

திங்கள் காலை 8.35க்குக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தோம். காப்பாளர் அம்மா மேலே இருந்த ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார். நடுக்கட்டிலிருந்து உருவி ஒன்றை எடுத்தார். முகம் மாறியது.

“புதுசு வாங்கிட்டீங்களா? நான் புதுசு கேக்கலையே.”

மகள் காலரைத் திருப்பிக் காட்டினாள். மாணவியின் ரோல் நம்பர் அழியாத மையில் இருந்தது. அந்தம்மா வேறு நான்கு காலர்களைத் திருப்பினார். நான்கிலும் இருந்தது.

“என்னத்தப் போட்டு வெளுத்தீங்க?”

“சுண்ணாம்பு,” என்றாள் மகள்.

“வெளையாடாதீங்கம்மா.”

“அப்பாவக் கேளுங்க. அவுகதான் அளந்து போட்டது.”

என்னைக் கேட்கவில்லை. மணி ஆகிவிட்டது. கட்டுகளை உள்ளே அனுப்பச் சொன்னார். எல்லாவற்றையும் எண்ணிக்கொள்ளும்படி நான் சொன்னேன். சரியாகத்தான் இருக்கும் என்றார். “எண்ணிருங்கம்மா” என்றேன். எண்ணினார். 212. பிறகு மகளிடம், வரும் ஆண்டும் அவளே பார்த்துக்கொள்ளலாம் என்றும், ஆண் மாணவர்களின் சீருடையும் சேர்ந்து வரும் என்றும் சொன்னார். அவர்கள் 58 பேர்.

விழாவுக்கு எங்களுக்கு அழைப்பில்லை. வெளிவாசலில் வேப்பமர நிழலில் நின்றேன். 11 மணிக்கு மாணவிகள் முற்றத்தைக் கடந்து வரிசையாக அரங்கத்துக்குப் போனார்கள். வெயில் அந்தக் கோட்டுகளில் பட்டுத் தெறித்தது. எண்ணினேன். 209. திரும்பவும் எண்ண வழியில்லை, கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்று பேர் விடுப்பு என்று பாய் பிறகு விசாரித்து வந்து சொன்னார். நான் கேட்காமலே விசாரித்திருந்தார்.

குழாய் சரியாக இன்னும் 41 நாள் ஆனது. அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் 548 கிராம். பாயே நிறுப்பார், பாயே எண்ணுவார். பிஸ்கட் டப்பாவின் மூடியை யாராவது அரைகுறையாக மூடினால் அவர் போடுகிற சத்தம் என் வீடுவரை கேட்கும்.

அந்த முதல் தடவைக்கு என் கையிலிருந்து போனதை விழா நாள் மாலையே எழுதி வைத்தேன். சுட்ட கல் 40 ரூபாய். பஸ் போகவர 86. கொப்புளத்துக்கு மருந்து 72. எலுமிச்சம்பழம் இரண்டு, 6. சுண்ணாம்பு தெறித்த என் வேட்டியை மகள் கடையில் போட்டிருந்தேன். இஸ்திரி போட்டு மடித்து, பாலைவிட வெளுப்பாக அவளே கொண்டுவந்து கொடுத்து, கையை நீட்டினாள். “கடைன்னா கடைதாம்ப்பா.” வேட்டிக்கு 25. ஆக மொத்தம் 229 ரூபாய்.